கொழும்புப் பாடசாலை றக்பி: லீக் ஒரு கணக்கு, கேடயம் இன்னொரு கணக்கு

கேள்வியைக் கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தகப்பன். மகன் கொழும்பில் ஒரு தனியார் பாடசாலையில் தரம் 7 படிக்கிறான், இந்த வருடம் றக்பிப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். தகப்பன் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். அவர் கேட்டவை மூன்று. லீக், நொக்-அவுட், கேடயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்களே, இதில் யார்தான் உண்மையான சம்பியன்? லீக்கில் மேலே நிற்கிற அணி ஒரேயொரு மெட்சில் தோற்றதற்குப் பழைய மாணவர்கள் ஏன் அப்படி உடைந்து போகிறார்கள்? தனியார் பாடசாலையில் இருப்பது மகனுக்கு இந்த விளையாட்டில் வாய்ப்பா, தடையா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்ற இரண்டும் தானாக வரும்.

வடக்கின் சமர் என்ற பெரிய கிரிக்கெட் போட்டி உங்களுக்குத் தெரியும். யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும்போது, அந்த வருடம் மற்றப் பாடசாலைகளோடு யார் எத்தனை வென்றார்கள் என்று யாராவது கேட்பார்களா? அந்த மூன்று நாளில் நடப்பதுதான் அந்த வருடம். கொழும்பு றக்பியும் அப்படித்தான் பிறந்தது. இன்று பத்திரிகையில் பார்க்கிற புள்ளி அட்டவணை, பிரிவு, போனஸ் புள்ளி எல்லாம் பிறகு வந்தவை. இரண்டு பாடசாலைகள் தமக்குள் பேசி, நாள் குறித்து, வருடா வருடம் விளையாடி வந்த போட்டிகள்தான் முதலில் இருந்தன. லீக் அவற்றுக்கு மேலே கட்டப்பட்ட மாடி. கீழ்த்தளம் இன்னும் பழைய ஆட்களின் கையில்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டை இங்கே கொண்டுவந்தவர்கள் பிரித்தானியத் தோட்டத்துரைமாரும் வர்த்தகர்களும். கொழும்பில் 1879 இலேயே கழகம் அமைத்து விளையாடினார்கள். மலையகத்தில் ராதெல்ல, டரவெல மைதானங்கள் தோட்டத்துரைமாரின் றக்பிக்குப் பேர்போனவை. பாடசாலைகளுக்கு அது கண்டி வழியாகவே வந்தது. முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான போட்டி 1906 இல் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் ட்ரினிட்டி கல்லூரிக்கும் இடையில் நடந்தது. இரண்டுமே கண்டிப் பாடசாலைகள். கொழும்பு றோயல் கல்லூரி 1920 இல் ட்ரினிட்டியோடு முதல் தடவை மோதியது. ஆகவே கொழும்பு றக்பியின் மூத்த பகை கொழும்புக்குள் இல்லை, கண்டிக்கும் கொழும்புக்கும் இடையில் இருக்கிறது. 1945 இல் றோயல் அதிபர் ஈ. எல். பிரட்பி அந்தப் போட்டிக்கு ஒரு கேடயத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து அது பிரட்பி கேடயம்.

கொழும்புக்குள்ளே இருக்கிற போட்டிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம். மருதானை சென் ஜோசப் கல்லூரி 1896 இல் தொடங்கியது. பம்பலப்பிட்டி சென் பீட்டர்ஸ் 1922 இல் அதன் கிளையாகப் பிறந்து, பிறகு தனியாக நின்றது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குருமார், ஒரே விதமான குடும்பங்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு பாடசாலை, மகன் மற்றப் பாடசாலை என்பதும் உண்டு. அதனால்தான் ஜோ-பீட் போட்டி வரும் வாரம் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் சில வீடுகளில் சாப்பாட்டு மேசையே இரண்டாகப் பிரியும். றோயலும் கல்கிசை சென் தோமஸும் மோதுவது கிரிக்கெட்டில் இருந்து வந்த சூடு. மார்ச் மாதத்துப் பெரிய கிரிக்கெட் போட்டியில் தீராத கணக்கை றக்பியில் தீர்க்கப் பார்ப்பார்கள். இசிபதனவின் கதை வேறு. 1952 இல் கிறீன்லண்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அரசாங்கப் பாடசாலை அது. மற்றவர்களைப் போல நூறு வருட வரலாறு இல்லை, செல்வந்தப் பழைய மாணவர் பட்டாளமும் ஆரம்பத்தில் இல்லை. ஆனாலும் நாட்டின் பலமான பாடசாலை அணிகளில் ஒன்றாக வளர்ந்தது. இசிபதனவின் பச்சைச் சட்டைக்காரர்களோடு மோதும்போது மற்றப் பாடசாலைகளுக்கு வரும் பதற்றம், பாரம்பரியத்தால் வந்தது அல்ல, அடி வாங்கிய அனுபவத்தால் வந்தது. எனக்கு மிகவும் மதிப்பான வரலாறு அது.

பொரளை வெஸ்லியும் மருதானை சாஹிராவும் நம்மவர்கள் அதிகம் போகிற மைதானங்கள். சாஹிரா விளையாடும்போது கூட்டத்தில் கேட்கிற தமிழுக்கு ஒரு தனி வேகம் உண்டு. முன்பு பெரிய அணிகளை அந்தப் பெடியன்கள் திணறடித்த நாட்களை மருதானைப் பக்கத்து மூத்தவர்கள் இன்னும் போட்டி போட்டியாகப் பிரித்துச் சொல்வார்கள்.

சரி, பிரட்பிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் போட்டி அமைப்பு எப்படி ஆட்டத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இலங்கையில் இல்லை.

பிரட்பி இரண்டு கட்டம். ஒன்று கண்டியில், மற்றது கொழும்பில் றோயலின் சொந்த மைதானத்தில். இரண்டு போட்டிகளிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, மொத்தத்தில் கூட எடுத்தவருக்குக் கேடயம். ஒவ்வொரு போட்டியிலும் யார் வென்றார் என்பது அடுத்த விடயம்தான். புள்ளி முறை எல்லா இடத்திலும் போலத்தான்: எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் அது ட்ரை, அதற்கு 5; அதற்குப் பின் கோல் கம்பங்களுக்கிடையில் உதைத்தால் மேலதிகமாக 2; எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனல்டி உதைக்கு 3; ஆட்டத்தின் நடுவே பந்தை நிலத்தில் போட்டு எழும்பும்போது உதைக்கும் ட்ரொப் கோலுக்கு 3.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கட்டத்தில் ட்ரினிட்டி 20-10 என்று வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தில் கடைசி நிமிடங்கள். றோயல் 17-10 என்று முன்னிலை. அரங்கில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் றோயல் வெல்கிறது என்றுதான் நினைப்பார். ஆனால் கூட்டிப் பார்த்தால் ட்ரினிட்டி 30, றோயல் 27. முன்னுக்கு நிற்கிற அணிதான் தவித்துக்கொண்டிருக்கிறது. பின்னுக்கு நிற்கிற அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறது.

அந்த நேரத்தில் றோயலுக்குக் கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் ஒரு பெனல்டி கிடைக்கிறது. உதைத்தால் 3 புள்ளி. மொத்தம் 30-30, சமநிலைதான். கேடயத்தைத் தனக்கென்று எடுக்க அது போதாது. ஆகவே அணித்தலைவர் பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்து, மூலையில் லைன்-அவுட் எடுத்து, அதாவது கோட்டிலிருந்து பந்தைத் திரும்ப உள்ளே எறிந்து, ட்ரைக்குப் போக யோசிப்பான். பந்தை இழந்தால் எல்லாம் போச்சு. பதினெட்டு வயதுப் பெடியன் அந்த முடிவைச் சில விநாடிகளில் எடுக்கவேண்டும், அதுவும் இரண்டு நகரங்களின் பழைய மாணவர்கள் முழுப்பேரும் பார்த்துக்கொண்டிருக்க.

இதே 17-10, இதே பெனல்டி, இதே இடம். ஆனால் இது லீக் போட்டி என்று வையுங்கள். றக்பி உலகில் பரவலாக இருக்கிற லீக் முறையில் வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2, நான்கு ட்ரை போட்டால் போனஸ் 1, ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் தோற்றவருக்கும் 1. இப்போது வித்தியாசம் 7. எதிரணி தோற்றும் ஒரு புள்ளியோடு போகப் போகிறது. உதைத்து 20-10 ஆக்கினால் அந்தப் புள்ளியையும் தட்டிப் பறிக்கலாம். ஆகவே லீக்கில் உதைப்பதுதான் புத்தி. நான்காவது ட்ரை எட்டுகிற தூரத்தில் இருந்தால் திரும்ப வேறு கணக்கு.

ஒரே பெனல்டிக்கு இரண்டு விடை. ஏன் உதைக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் கத்தும்போது, முதலில் இது எந்தப் போட்டி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான சத்தம் அங்கேயே அடங்கிவிடும்.

இனி லீக். இதை நடத்துவது இலங்கைப் பாடசாலைகள் றக்பி சங்கம். அது கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது. பாடசாலைகளின் பொறுப்பாசிரியர்கள்தான் அதன் முதுகெலும்பு. மத்தியஸ்தர்கள் தேசிய மத்தியஸ்தர் சங்கத்திலிருந்து வருவார்கள். நீண்டகாலம் சிங்கர் நிறுவனம் அனுசரணை கொடுத்தது, அண்மைக் காலத்தில் டயலொக். நாட்டில் றக்பி விளையாடுகிற பாடசாலைகள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட முடியாது. அப்படிப் போட்டால் ஒரு பக்கம் எழுபது, மறுபக்கம் பூச்சியம் என்று முடியும். தோற்ற பிள்ளைக்கும் அதில் பாடமில்லை, வென்ற பிள்ளைக்கும் இல்லை. ஆகவே முதலாம் பிரிவு, அதற்குள் ஏ, பி என்று உட்பிரிவு, பிறகு இரண்டாம், மூன்றாம் பிரிவு என்று போகும். மேலே இருக்கிற உட்பிரிவில் இருந்தால் றோயல், இசிபதன, ஜோசப், பீட்டர்ஸ், தோமஸ், ட்ரினிட்டி, கிங்ஸ்வூட் மாதிரி அணிகளோடு மோதலாம். கீழே விழுந்தால் அடுத்த வருடம் அந்தப் போட்டிகள் பலவற்றை இழக்கவேண்டும். பல வருடங்களில் முதல் சுற்றைக் குழுக்களாக விளையாடி, மேலே வந்தவர்கள் கிண்ணத்துக்கும் மற்றவர்கள் பிளேட்டுக்கும் மோதுவார்கள். பிளேட் என்றால் ஆறுதல் பரிசு என்று நினைக்கவேண்டாம். முதல் சுற்றில் சறுக்கிய அணியின் பெடியன்களுக்கு அந்த வருடம் விளையாடக் கிடைக்கும் மிச்சப் போட்டிகள் அதில்தான் இருக்கின்றன.

இந்த அமைப்பு வருடத்துக்கு வருடம் மாறுகிறது. எத்தனை அணி, எத்தனை சுற்று, எத்தனை பேர் கீழே போவது, எதுவும் நிலையாக இல்லை. எனக்கு இதில் உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். ஒரு பிள்ளை முதலாம் பதினைந்தில், அதாவது பாடசாலையின் பிரதான அணியில், இரண்டு வருடம்தான் விளையாடுவான். அந்த இரண்டு வருடத்துக்கும் இரண்டு வேறு விதிகள் என்றால், பயிற்றுநர் எதை நம்பித் திட்டம் போடுவது? ஆகவே சென்ற வருடத்து விதியை நம்பி உட்கார வேண்டாம். சீசன் தொடங்கும்போது அந்த வருடத்துக்கான விதிகளைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டு வாசியுங்கள்.

நொக்-அவுட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லீக் முடிந்த பிறகு ஜனாதிபதி கிண்ணம் என்ற பெயரில் நடக்கும், ஒரு தோல்வியோடு வீட்டுக்கு. லீக்கில் காயங்களோடு தடுமாறிய நல்ல அணி இதில் எழும்பி வரும், அதுதான் இதன் சுவை. அப்புறம் ஏழு பேர் விளையாடும் செவன்ஸ். அது வேறு ஆட்டம், ஓடத் தெரிந்த பெடியன்களுக்குரியது.

ஆக, உண்மையான சம்பியன் யார்? ஒரு பருவம் முழுக்கப் பல பேரோடு மோதி நிலைத்து நின்ற அணி லீக் சம்பியன். பதினைந்து பேரின் திறமையையும் பயிற்றுநரின் வேலையையும் அளக்க என்னிடம் கேட்டால் லீக்கைத்தான் காட்டுவேன். ஆனால் ஒரு பாடசாலையின் சுவரில் நூறு வருடம் நிற்கப் போகிற பெயர்ப் பலகையில் கேடயப் போட்டி அணித்தலைவரின் பெயர்தான் முதலில் கண்ணில் படும். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடை. லீக் கேட்பது இந்த வருடம் யார் பலசாலி என்று. பாரம்பரியப் போட்டி கேட்பது, உன் முன்னால் நிற்பவன் யார், அவனிடம் நீ எப்படி நின்றாய் என்று. பழைய மாணவர்கள் உடைந்து போவதற்குக் காரணம் இதுதான். லீக்கில் விட்ட புள்ளியை அடுத்த கிழமை எடுக்கலாம். அந்தப் போட்டியில் தோற்றால் அடுத்த வருடம்வரை ஒரு வழியும் இல்லை, தோற்ற பெடியன்களில் பாதிப் பேருக்கு அடுத்த வருடமும் இல்லை.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிபடுவதும் உண்டு. லீக் ஒரு சுற்று என்றால் இரண்டு அணிகள் ஒரு தடவைதான் சந்திக்கவேண்டும், பிரட்பி இரண்டு தடவை. பாரம்பரியமாக மோதுகிற இரண்டு பாடசாலைகள் வேறு வேறு உட்பிரிவில் விழுந்தால் லீக்குக்கு வெளியே தனியாக நாள் தேடவேண்டும். அதற்கிடையில் உயர்தரப் பரீட்சை, மழை, கிழமை நடுவில் விளையாடக் கூடாது என்ற நியாயமான கவலை. சில பேர் சொல்வார்கள், பாரம்பரியப் போட்டிகளை நிறுத்திவிட்டு லீக்கை மட்டும் ஒழுங்காக நடத்தலாமே என்று. நான் அதற்கு முழுக்க எதிர். மைதானத்தை நிரப்புவதும், அனுசரணை கொண்டுவருவதும், பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டையை ஒருநாள் நான் போடவேண்டும் என்ற ஆசையை ஊட்டுவதும் அந்தப் போட்டிகள்தான். செய்யவேண்டியது வேறு. முதலில் பாரம்பரியப் போட்டிகளின் நாட்களைக் குறித்து, அவற்றைச் சுற்றி லீக்கை அமைக்கவேண்டும். கீழ்ப்பிரிவுப் பாடசாலைகளுக்கு இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலான போட்டிகள் கிடைக்கவேண்டும். பெரிய எட்டுப் பாடசாலைகளைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, மூன்றாம் பிரிவில் நல்ல பெடியன் ஒருவன் ஒரு பருவத்தில் நாலைந்து மெட்ச் விளையாடிவிட்டுப் பாடசாலையை விட்டுப் போய்விடுகிறான். எனக்கு மனம் பொறுக்காத விடயம் அது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி.

தனியார் றக்பி, அரசாங்க றக்பி என்று இங்கே இரண்டு தனி உலகம் இல்லை. எல்லோரும் ஒரே லீக்கில்தான். றோயலும் இசிபதனவும் கிங்ஸ்வூட்டும் அரசாங்கப் பாடசாலைகள். ஜோசப், பீட்டர்ஸ், தோமஸ், வெஸ்லி, ட்ரினிட்டி தனியார். 1960, 1961 சட்டங்களால் அரசு உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, சிலது மட்டும் வெளியே நின்று தம் காலில் நடக்கத் தீர்மானித்தன. அந்த முடிவின் விளைவு இன்றுவரை றக்பியிலும் தெரிகிறது. தனியார் பாடசாலை நிருவாகத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதிலும் பயிற்றுநரை எடுப்பதிலும் கை கொஞ்சம் தாராளம். ஆனால் பணம் என்று வந்தால் இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. பழைய மாணவர் சங்கம். பயிற்றுநரின் சம்பளம், உடற்பயிற்சிக் கூடம், பஸ், காயத்துக்கு வைத்தியம், பருவத்துக்கு முன் முகாம் என்று எல்லாச் செலவுக்கும் அவர்கள்தான் கை கொடுப்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் காசு கொடுக்கிறவர் வெற்றியும் கேட்பார், அதையும் இந்த வருடமே கேட்பார்.

அங்கேதான் உங்கள் பிள்ளைக்கு ஒரு ஆபத்து இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். சாதாரண தரம் முடிந்த கையோடு வேறு பாடசாலைகளிலிருந்து பலமான பெடியன்களை உயர்தரத்துக்குக் கொண்டுவருவது கொழும்பில் வழமை. தனியாரும் செய்கிறார்கள், அரசாங்கப் பாடசாலைகளும் செய்கிறார்கள். வருகிற பெடியனுக்கு அது பெரிய வாய்ப்பு, அதை நான் குறை சொல்லமாட்டேன். சிறிய ஊரிலிருந்து வருகிற ஒருவனுக்கு நல்ல கல்வியும் விடுதியும் கழக றக்பிக்கு ஒரு கதவும் கிடைக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து மழையிலும் வெயிலிலும் அதே பாடசாலைக்காக உருண்டு புரண்ட பிள்ளையைப் பதினேழு வயதில் ஓரத்தில் உட்கார வைப்பதற்கு என்ன நியாயம் சொல்வது? அவன் வளர்ந்தது அந்தப் பாடசாலையின் கைகளில். ஒன்றிரண்டு இடத்தை வெளியிலிருந்து நிரப்பலாம். பாதி அணியையே நிரப்பினால் அந்தப் பாடசாலையின் இளைய அணிகளில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

ஆகவே பாடசாலையின் முதலாம் பதினைந்தைப் பார்த்து மயங்கவேண்டாம். பதினான்கு வயதுக்குட்பட்ட அணியைப் பாருங்கள், பதினாறு வயதுக்குட்பட்ட அணியைப் பாருங்கள். ஏ அணி மட்டும் இருக்கிறதா, பி அணிக்கும் போட்டி பிடித்துக் கொடுக்கிறார்களா? பி அணிக்குக் கூட ஒழுங்காகப் பயிற்றுநர் வைத்திருக்கிற பாடசாலை எதுவோ, அதுதான் பிள்ளைகளை மனதில் வைத்து றக்பி நடத்துகிற பாடசாலை.

வெற்றி அவசரத்தின் இன்னொரு முகம் உடம்பைப் பெருப்பிக்கும் மாத்திரையும் மாவும். பாடசாலை றக்பி வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. 2013 இல் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டமே கொண்டுவந்து தனி முகவர் நிலையமும் அமைத்தார்கள். ஜிம்மில் யாரோ அண்ணா தந்தார் என்று மகன் எதையாவது கொண்டுவந்தால், அது எந்தப் பாடசாலையின் எந்தப் பெரிய ஆட்டக்காரன் கொடுத்ததாக இருந்தாலும், வைத்தியரிடம் காட்டாமல் வாயில் வைக்க விடாதீர்கள். பதினைந்து வயது உடம்புக்குச் சோறு, முட்டை, மீன், பருப்பு, தூக்கம் போதும்.

நம்முடைய பிள்ளைகள் இதில் அதிகம் இல்லையே என்று பலர் கேட்பார்கள். இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். றோயலில் படித்த சம்மா நவரத்தினம் ஆசியாவின் வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். சி.ஆர். கழகத்துக்கும் நாட்டுக்கும் றக்பி விளையாடி, பிறகு பயிற்றுநராகவும் நின்றார். கிங்ஸ்வூட்டில் வளர்ந்த ஃபாசில் மரிஜா கண்டிக் கழகத்துக்கு ஆடி, இலங்கை அணியின் தலைவராகவும் ஆனார். பிரச்சினை திறமையில் இல்லை. வெள்ளவத்தை வீடுகளில் பின்னேரம் நாலு மணி என்றால் டியூஷன் நேரம். றக்பிப் பயிற்சியும் அதே நேரம். கணக்கு வாத்தியாரிடம் ஒரு கிழமை தவறினால் தாய்க்கு நித்திரை வராது. இது பெரிய விடயம்தான், சின்னதாக்கிப் பேசமாட்டேன். ஆனால் பருவம் வருடத்தில் சில மாதங்கள்தான். பெரிய கிரிக்கெட் போட்டிகள் முடிந்த பிறகு சூடு பிடித்து, வருடத்தின் நடுப்பகுதியில் உச்சத்துக்கு வரும். மிச்ச மாதங்களில் உடற்பயிற்சி மட்டும். தரம் 7 இல் இருந்தே வகுப்பு நேரங்களைச் சனி ஞாயிறுக்கு மாற்றிப் பழக்கினால் சமாளிக்கலாம். அப்படிச் செய்து பல்கலைக்கழகம் போனவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் மொழிமூலத்தில் படிக்கிற பெடியன் ஸ்க்ரமுக்குள், அதாவது இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் இடத்துக்குள், தலையை விட்ட பிறகு சிங்களம் தானாக வரும். பக்கத்தில் தோள் கொடுத்து நிற்கிறவன் என்ன கத்துகிறான் என்று விளங்காவிட்டால் கழுத்து போய்விடும், அதனால் வேகமாகவே வரும். கொழும்பில் மூன்று மொழிப் பிள்ளைகள் ஒன்றாகக் களைத்து, ஒன்றாகத் தண்ணீர் குடிக்கிற இடங்கள் அதிகமில்லை. றக்பி மைதானம் அதில் ஒன்று. உங்கள் பிள்ளைக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் இது கிடைக்கும்.

பிற்கால வேலை பற்றியும் கேட்பீர்கள். நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டி, சி.ஆர்., ஹெவ்லொக், சி.எச். போன்ற கழகங்கள் எடுக்கும். கடற்படை, தரைப்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் வேலையோடு சேர்த்து எடுக்கும். ஆனால் பாடசாலைப் போட்டிக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி கூடக் கழகப் போட்டிக்கு வருவதில்லை. பதினெட்டு வயதில் ஆயிரக்கணக்கானோர் பெயரைச் சொல்லிக் கத்தக் கேட்ட பெடியன் இருபது வயதில் வெறும் படிக்கட்டுகளுக்கு முன்னால் விளையாடவேண்டி வரும். அந்த இறக்கத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவதும் வீட்டின் வேலை. படிப்பை விட்டுவிட்டு றக்பியை மட்டும் நம்புங்கள் என்று சொல்கிற எவரையும் கேட்காதீர்கள்.

காயத்தைப் பற்றி. தாய்மாரின் பயம் சும்மா வந்த பயம் இல்லை. பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கென்று உலக றக்பி அமைப்பு விதிகளை மாற்றி வைத்திருக்கிறது. ஒரு பாதி 35 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஸ்க்ரமில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. கழுத்தைக் காப்பதற்கான விதி அது. தலையில் அடிபட்டுப் பிள்ளை தடுமாறினால் அன்றைய நாள் அவனுக்கு முடிந்தது, எவ்வளவு பெரிய போட்டியாக இருந்தாலும் திரும்ப இறக்கக் கூடாது. வைத்தியர் சரி என்று சொன்ன பிறகே பயிற்சி. கேடயப் போட்டி நாளில் இந்த விதியை மீற ஒரு ஆசை வரும். பிள்ளைக்கும் வரும், பயிற்றுநருக்கும் வரும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு வைத்தியரோ ஆசிரியரோ பக்கக் கோட்டில் நிற்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்த கிழமை பொறுப்பாசிரியரைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவற்றைக் கேளுங்கள்: மகனுடைய வயதுப் பிரிவுக்கு இந்த வருடம் எத்தனை போட்டி உறுதியாகியிருக்கிறது? பி அணிக்கு யார் பயிற்றுநர்? பயிற்சி நாட்களில் முதலுதவி தெரிந்தவர் யார் நிற்பார்? தலையில் அடிபட்டால் பாடசாலை என்ன செய்யும், பெற்றோருக்கு யார் அறிவிப்பார்? பல்லுக்குப் போடுகிற கவசத்தை நீங்களே வாங்குங்கள், பயிற்சிக்கும் போடச் சொல்லுங்கள், பெடியன்கள் அதை மெட்சுக்கு மட்டும்தான் போடுவார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் மகனோடு போய் இரண்டாம் பிரிவுப் போட்டி ஒன்றைப் பாருங்கள். சனமும் குறைவு, கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், யார் என்ன செய்கிறான் என்று அவனே உங்களுக்குச் சொல்லித் தருவான்.